கடைசிப் பக்கத்தில் ஆள் இல்லை

வாஷிங்டனில் ஒரு நாளிதழ் தன் விளையாட்டுப் பிரிவையே மூடியது. அந்தச் செய்திக்கும் உத்திரமேரூரின் கபடித் திடலுக்கும் என்ன சம்பந்தம்?

விடியற்காலை ஐந்து மணி. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் போன்ற ஊர்களில் பேப்பர் கட்டுகள் வந்து இறங்கும் நேரம். ஏஜென்ட் கட்டைப் பிரித்து, இணைப்பிதழைச் செருகி, வீடுகளுக்குப் போடும் பையன்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பார். முதல் பிரதி டீக்கடைக்குப் போகும். அங்கே அது முழுசாக இருப்பது ஐந்து நிமிடம்தான். முதல் பக்கம் ஒருவர் கையில், மாவட்டச் செய்தி இன்னொருவர் கையில் என்று தாள் தாளாகப் பிரிந்துவிடும். ஒரு காலத்தில் விளையாட்டுப் பக்கம் உள்ள தாளுக்குத்தான் போட்டி. வேலைக்குப் போகிறவர், கல்லூரிக்குப் போகிற பிள்ளை, கறவை முடித்து வந்தவர் என மூன்று பேர் ஒரே தாளை மூன்று பக்கமிருந்து படித்த நாட்கள் உண்டு.

இன்று அந்தத் தாளைக் கேட்டு வாங்குகிறவர் குறைவு. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐபிஎல் ஆட்டம் இரவு ஏழரைக்குத் தொடங்கி, முடியப் பதினொன்றரை ஆகிறது. தொலைவில் உள்ள ஊர்களுக்குப் போகும் பதிப்பு அதற்கு முன்பே அச்சுக்குப் போயாக வேண்டும். வெளியூர்ப் பதிப்பில் பாதி ஆட்டம்தான் இருக்கும். முடிவு எல்லோருடைய செல்போனிலும் முந்தைய இரவே வந்துவிட்டது. நேற்றைய ஆட்டத்தின் பாதியைச் சொல்லும் தாளை எதற்குப் புரட்ட வேண்டும்?

ஆனால் மானாம்பதியிலோ சாலவாக்கத்திலோ ஞாயிற்றுக்கிழமை நடந்த வாலிபால் போட்டியின் முடிவு எந்தச் செல்போனில் இருக்கிறது? திருப்புலிவனத்துப் பள்ளி மாணவி வட்டார அளவிலான ஓட்டத்தில் முதலாவதாக வந்த செய்தி எந்தச் செயலியில் வரும்? லக்னோவில் நடந்த ஆட்டத்தின் கடைசிப் பந்துவரை கையில் இருக்கிறது. பக்கத்துக் கிராமத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது அங்கே போய் நின்றவர்களைத் தவிர யாருக்கும் தெரிவதில்லை. விளையாட்டுப் பத்திரிகையாளர்களின் வேலை போவதைப் பற்றிப் பேசும்போது இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அங்கே மூடியவை

2026 பிப்ரவரி 4 அன்று 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் தன் பணியாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரை நீக்குவதாக அறிவித்தது. இதுவரை இருந்த வடிவில் விளையாட்டுப் பிரிவு இனி இருக்காது என்பதும் அந்த அறிவிப்பில் அடக்கம். ஷெர்லி போவிச் என்ற எழுத்தாளர் 1920களில் தொடங்கி 1998இல் இறக்கும்வரை விளையாட்டு எழுதிய பத்திரிகை அது.

அதற்கு முன்பே 2023 ஜூலையில் 'நியூயார்க் டைம்ஸ்' தன் விளையாட்டுப் பிரிவைக் கலைத்தது. அங்கே முப்பத்தைந்துக்கும் அதிகமான செய்தியாளர்கள் இருந்தார்கள். அவர்களை வேறு பிரிவுகளுக்கு மாற்றிவிட்டு, விளையாட்டுச் செய்திகளை 'தி அத்லெட்டிக்' என்ற இணைய நிறுவனத்திடம் விட்டது. அந்த நிறுவனத்தை 2022இல் 55 கோடி டாலருக்கு வாங்கியதும் நியூயார்க் டைம்ஸ்தான். 2024 ஜனவரியில் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழுக்கு அடி விழுந்தது. 1954இல் பிறந்த அந்த இதழை நடத்திவந்த நிறுவனம், பெயர் உரிமைக்கான தவணையான 37.5 லட்சம் டாலரைக் கட்டவில்லை. உரிமம் பறிபோனது, ஊழியர்கள் கூட்டமாக வேலை இழந்தார்கள். பிறகு வேறொரு நிறுவனம் அதை எடுத்து நடத்த முன்வந்தது.

பணக்கார நாட்டின் பெரிய பத்திரிகைகளுக்கே இந்தக் கதி என்றால் நம் ஊர்ப் பத்திரிகைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே சுருங்கியவை

இந்தியாவில் விளையாட்டுப் பிரிவு மட்டும் தனியாக மூடப்பட்டதாக அறிவிப்புகள் அதிகம் வருவதில்லை. மொத்தப் பத்திரிகையும் இளைக்கும்போது அதுவும் சேர்ந்து இளைக்கிறது. 2017 ஜனவரியில் 'இந்துஸ்தான் டைம்ஸ்' கொல்கத்தா, போபால், இந்தூர், ராஞ்சி உள்ளிட்ட இடங்களில் பதிப்புகளையும் அலுவலகங்களையும் மூடியது. 2020இல் கொரோனா வந்தபோது விளம்பரம் ஒரேயடியாக நின்றது. டீக்கடைகளும் சலூன்களும் மூடிக் கிடந்தன. பேப்பரைத் தொட்டால் தொற்று வரும் என்ற பயத்தில் வீடுகளும் நிறுத்தின. அந்த ஆண்டு மே மாதம் தமிழின் மூத்த இதழ்க் குழுமமான விகடனில் 176 பேர் வேலையை விட்டுப் போகச் சொல்லப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. அடுத்த மாதம் 'தி இந்து'வின் மும்பைப் பதிப்பில் சுமார் இருபது செய்தியாளர்கள் ராஜினாமா கடிதம் கொடுக்கும்படி கேட்கப்பட்டார்கள். ஆட்குறைப்பையும் சம்பளக் குறைப்பையும் எதிர்த்து மூன்று பத்திரிகையாளர் சங்கங்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின.

பணக் கணக்கும் அதையே சொல்கிறது. ஃபிக்கி அமைப்பும் இஒய் நிறுவனமும் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையின்படி இந்திய அச்சு ஊடகத்தின் வருவாய் 2019இல் சுமார் 29,600 கோடி ரூபாய். 2020இல் அது சுமார் 19,000 கோடியாக விழுந்தது. மூன்று ஆண்டு கழித்து, 2023இல்கூட 26,000 கோடியைத்தான் எட்ட முடிந்தது. வருமானம் ஓரளவு திரும்பியது, போன ஆட்கள் திரும்பவில்லை.

காகிதத்தின் சுமை வேறு. 2019 பட்ஜெட்டில் இறக்குமதி செய்தித்தாள் காகிதத்துக்கு 10 சதவீத சுங்க வரி வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த ஆண்டு அது 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. உக்ரைன் போர் தொடங்கிய 2022இல் காகித விலை மறுபடியும் ஏறியது. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் எடுக்க கரூர் மாவட்டம் புகழூரில் ஓர் ஆலையைத் தமிழ்நாடு அரசே 1979இல் தொடங்கிய வரலாறு நமக்கு உண்டு. செய்தித்தாளுக்கான காகிதம் தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்பதை ஓர் அரசு தன் பொறுப்பாக எடுத்துக்கொண்ட காலம் அது.

செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் நிர்வாகத்தின் கண் விளையாட்டு டெஸ்க் மீது விழக் காரணங்கள் உண்டு. அரசியல் நிருபரைக் குறைத்தால் தலைமைச் செயலகத்தில் ஆள் இருக்காது. குற்றச் செய்தியாளரைக் குறைத்தால் விற்பனை விழும். விளையாட்டுக்கோ பிடிஐ போன்ற செய்தி நிறுவனங்கள் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் அனுப்பிவிடுகின்றன. டெஸ்கில் ஓர் உதவி ஆசிரியர் உட்கார்ந்து தமிழாக்கினால் பக்கம் நிறைந்துவிடும். நிருபரை வெளியூருக்கு அனுப்பும் ரயில் செலவு, ஓட்டல் வாடகை, படி எல்லாம் மிச்சம். உள்ளூர் நகைக்கடையும் ஜவுளிக்கடையும் விளையாட்டுப் பக்கத்தைக் கேட்டு விளம்பரம் கொடுப்பது அபூர்வம் என்பதால், அந்தப் பக்கத்துக்காக வாதாட விளம்பரப் பிரிவிலும் ஆள் கிடையாது.

இதன் விளைவு பக்கத்தில் தெரிகிறது. செய்தி நிறுவனம் அனுப்புவது மட்டுமே விளையாட்டு என்றாகிவிட்டது. பெருநகர் கிராமத்துக் கபடிப் போட்டி பற்றி எந்தச் செய்தி நிறுவனமும் தந்தி அனுப்பாது.

சலூன் சுவரில் ஒட்டிய காலம்

தமிழ்நாட்டுக்கு விளையாட்டுப் பத்திரிகை புதிதல்ல. 'தி இந்து' குழுமம் 1947இலேயே 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' என்ற வார இதழைச் சென்னையிலிருந்து தொடங்கியது. அது 1968 வரை வந்தது. பத்து ஆண்டு கழித்து, 1978இல், அதே குழுமத்திலிருந்து 'ஸ்போர்ட்ஸ்டார்' வந்தது. ஆங்கிலம் சரளமாகப் படிக்காதவர்கள்கூட அதை வாங்கினார்கள். நடுப்பக்கத்தில் வரும் வண்ணப் படத்துக்காக வாங்கினார்கள். கல்லூரி விடுதி அறைகளிலும் சலூன் சுவர்களிலும் கபில்தேவும் போரிஸ் பெக்கரும் மரடோனாவும் இடம்பிடித்தது அப்படித்தான். வார இதழாக இருந்த ஸ்போர்ட்ஸ்டார் பின்னாளில் மாதமிருமுறை இதழானது.

1986 செப்டம்பர் 22 அன்று சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் 'டை'யில் முடிந்தது. இரண்டு இன்னிங்ஸையும் கூட்டினால் ஆஸ்திரேலியா 744, இந்தியாவும் 744. அன்று டி.வி. இருந்த வீடுகள் குறைவு. அந்த வெயிலில் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்ததையும், கடைசி விக்கெட் விழுந்த விதத்தையும் மறுநாள் பேப்பரில்தான் சுற்றுவட்டார ஊர்கள் விரிவாகத் தெரிந்துகொண்டன. டெஸ்ட் நாட்களில் மாலைப் பத்திரிகைக்கு ஒரு தனி மவுசு. மதியம்வரை எடுத்த ரன் அதில் இருக்கும் என்பதற்காகவே பஸ் நிலையத்தில் காத்திருந்து வாங்கியவர்கள் உண்டு. வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டவர், அதே ஆட்டத்தை மறுநாள் எழுத்தில் படித்து ஒப்பிட்டுப் பார்ப்பார்.

தமிழ் நாளிதழ்களுக்கும் விளையாட்டுக்கும் இருந்த உறவு பக்கத்தோடு நின்றுவிடவில்லை. 'தினத்தந்தி' அதிபர் பா. சிவந்தி ஆதித்தன் 1987 முதல் 1996 வரை இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராக இருந்தார். வாலிபால் சம்மேளனத்துக்கும் தலைமை வகித்தார். தென்மாவட்டங்களில் வாலிபால் கிராமம் கிராமமாக வேரூன்றியதில் அந்தப் பெயருக்குப் பங்கு உண்டு. பத்திரிகை முதலாளியே வாலிபால்காரராக இருக்கும்போது, வாலிபால் செய்தி வேண்டாம் என்று எந்த டெஸ்கும் சொல்லாது. விளையாட்டு நிர்வாகியே பத்திரிகை நடத்தினால் அந்த நிர்வாகத்தைக் கேள்வி கேட்பது யார் என்ற சங்கடமும் அதிலேயே இருந்தது. இரண்டையும் சேர்த்தே அந்தக் காலத்தை எடைபோட வேண்டும்.

வேலைநீக்கக் கடிதம்கூட இல்லாதவர்கள்

சென்னை அலுவலகத்தில் ஒருவரை நீக்கினால் அது செய்தியாகிறது. தாலுகா நிருபர் காணாமல் போனால் யாருக்கும் தெரியாது.

தமிழ் நாளிதழ்களுக்குத் தாலுகா அளவில் செய்தி தருகிறவர்களில் மிகப் பலர் பகுதி நேர நிருபர்கள். மாதம் ஒரு சிறு தொகையோ, அச்சான செய்திக்கு இவ்வளவு என்றோ கைக்கு வரும். மற்றபடி வருமானம் என்பது விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் வரும் கமிஷன். பெட்ரோல் தன் செலவு, போன் தன் செலவு. அடையாள அட்டை இருக்கும். நியமன உத்தரவு பெரும்பாலும் இருக்காது. கிராமத்தில் மின்னொளிக் கபடி என்றால் இரவு எட்டு மணிக்குப் போய், நள்ளிரவு தாண்டி முடியும்வரை உட்கார்ந்து, ஆடியவர்கள் அத்தனை பேர் பெயரையும் தப்பில்லாமல் எழுதி அனுப்ப வேண்டும். பக்கம் அதற்குள் முடிந்திருக்கும். மறுநாள் அனுப்பினால் பழைய செய்தி என்று ஒதுக்குவார்கள். அந்தப் பயணத்துக்கு ஆகும் பெட்ரோல் காசு, அந்த நாலு வரிச் செய்தியில் திரும்பி வராது. எத்தனை வாரம் கைக்காசைப் போட்டு ஒருவர் போவார்?

சட்டம் என்று ஒன்று இருந்தது. 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டப்படி, ஆட்குறைப்பு செய்தால் ஆசிரியருக்கு ஆறு மாத முன்னறிவிப்பும் மற்ற பத்திரிகையாளர்களுக்கு மூன்று மாத முன்னறிவிப்பும் தர வேண்டும். மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரையை மத்திய அரசு 2011இல் அறிவித்தது. 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஆனாலும் நிறுவனங்கள் நிரந்தர வேலையிலிருந்து ஒப்பந்த வேலைக்கு மாறிக்கொண்டே போயின. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்றால் அதற்கு ஆட்குறைப்பு என்று பெயரில்லை. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, அந்த 1955 சட்டமும் அவற்றுக்குள் கரைந்தது.

தாலுகா நிருபருக்கு அந்தச் சட்டத்தின் காலத்திலும் பெரிய பாதுகாப்பு கிடைத்ததில்லை. ஒருநாள் அவர் ரியல் எஸ்டேட்டுக்கோ ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்கோ போய்விடுகிறார். அவர் இடத்துக்கு யாரும் வருவதில்லை. பக்கத்துத் தாலுகாக்காரரே இதையும் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். அவர் கலெக்டர் ஆய்வையும் ஏரி உடைப்பையும் சாலை விபத்தையும் எழுதிவிட்டு, நேரம் மிஞ்சினால்தான் விளையாட்டு.

பதக்கத்துக்குப் பிறகு வந்த கேமரா

2024 செப்டம்பர் 2. பாரிஸ் பாராலிம்பிக்ஸில் மகளிர் பாட்மிண்டன் எஸ்யூ5 பிரிவு இறுதி ஆட்டம். காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசன் சீனாவின் யாங் சியூஷியாவிடம் தோற்று வெள்ளி வென்றார். அதற்கு முந்தைய ஆண்டு ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் அவர் தங்கம் வென்றிருந்தார். பின்னர் அர்ஜுனா விருதும் வந்தது. அவருக்குப் பயிற்சி கொடுத்து வளர்த்தவர் அவருடைய தந்தை. பாரிஸில் வென்ற மறுநாள் எல்லாப் பத்திரிகைகளும் காஞ்சிபுரத்தைத் தேடி வந்தன. அதே போட்டியில் வெண்கலம் வென்ற மனிஷா ராமதாஸ் பக்கத்து மாவட்டமான திருவள்ளூரைச் சேர்ந்தவர்.

அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கம் வென்றார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். கண்ணகி நகர் முன்பு காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த பகுதி. நால்வருக்கும் அரசின் பரிசுகள் வந்தன, பேட்டிகள் வந்தன, ஊர்வலங்கள் நடந்தன. அவை வர வேண்டியவைதான்.

கேள்வி அதற்கு முந்தைய பத்து வருடத்தைப் பற்றியது. ஷூவுக்கும் பஸ் கட்டணத்துக்கும் முட்டைக்கும் பணம் தேடிய காலத்தில் ஒரு நாலு வரிச் செய்தி வந்திருந்தால், ஊரில் உள்ள ஒரு வியாபாரியோ பள்ளியின் முன்னாள் மாணவரோ கைகொடுத்திருக்கக்கூடும். கிராமத்துப் பிள்ளைகள் சான்றிதழ் ஃபைலில் பேப்பர் கட்டிங்கையும் லேமினேட் செய்து வைப்பது இதற்காகத்தான். கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கும்போதும், ஊர்ப் பெரியவரிடம் உதவி கேட்கும்போதும் அந்தக் கட்டிங்கை எடுத்து நீட்டுவார்கள். விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு அரசு வேலையில் 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அங்கே சான்றிதழ்தான் செல்லும், கட்டிங் செல்லாது. ஆனால் சான்றிதழ் கிடைக்கிற அளவுக்கு ஒரு பிள்ளை ஆட்டத்தை விடாமல் தொடர, வீட்டார் மனம் மாற வேண்டும். பெண் பிள்ளையின் பெயர் பேப்பரில் வந்த பிறகு, விளையாட அனுப்பமாட்டேன் என்ற அப்பாவின் குரல் தணிந்ததைப் பார்க்காத உடற்கல்வி ஆசிரியர் இல்லை.

விளையாட்டோ குறையவில்லை, பெருகியிருக்கிறது. 2024 முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளுக்குப் பதிவு செய்தவர்கள் 11 லட்சத்துக்கும் மேல். பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமான ஊராட்சிகளுக்கு அரசு விளையாட்டு உபகரணங்கள் கொடுத்தது. 2022இல் உத்திரமேரூரிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கும் மாமல்லபுரத்துக்குச் செஸ் ஒலிம்பியாடே வந்தது. இவ்வளவு பேர் ஆடும் மாநிலத்தில் அதை எழுதும் கைகள் குறைந்துகொண்டே போகின்றன.

கேள்வி கேட்க ஒருவர்

விளையாட்டு நிருபரின் வேலை ஸ்கோர் எழுதுவது மட்டும் என்றால் செல்போன் வந்ததும் அது முடிந்திருக்கும். 1997இல் கிரிக்கெட் சூதாட்டம் பற்றி 'அவுட்லுக்' வார இதழ் எழுதியபோது, கிரிக்கெட் நிர்வாகம் அதை ஏற்கத் தயங்கியது. மூன்று ஆண்டு கழித்துத் தென்னாப்பிரிக்க அணித் தலைவர் ஹான்சி குரோன்யேவின் விவகாரம் வெடித்ததும் உலகமே நம்பியது.

இன்னும் அழுத்தமான உதாரணம் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்தில் இருக்கிறது. 'இண்டியானாபொலிஸ் ஸ்டார்' ஓர் உள்ளூர் நாளிதழ். ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளர்கள் மீதான பாலியல் புகார்களைச் சங்கம் எப்படி மூடி மறைத்தது என்று 2016 ஆகஸ்டில் அது எழுதியது. அதைப் படித்த ரேச்சல் டென்ஹாலாண்டர் என்ற முன்னாள் வீராங்கனை அந்தப் பத்திரிகைக்கே கடிதம் போட்டார். அணி மருத்துவர் லாரி நாசர் சிக்கியது அப்படித்தான். 2018 ஜனவரியில் அவருக்குத் தண்டனை வழங்கப்படும் முன் 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் பேசினார்கள். ஓர் உள்ளூர்ப் பத்திரிகையில் பொறுமையாக ஆவணங்களைப் புரட்டச் சம்பளம் வாங்கிய சில நிருபர்கள் இருந்ததால் நடந்தது அது.

2021 மே மாதம் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோ சட்டத்தில் கைதானார். அந்த விவகாரம் முதலில் வெளிப்பட்டது சமூக ஊடகத்தில். சமூக ஊடகத்தின் வலிமையை அது காட்டுகிறது. வீராங்கனைகள் நம்பிப் பேசக்கூடிய நிருபர் மைதானத்துப் பக்கம் நாள்தோறும் போய்க்கொண்டிருந்தால், இன்னும் எத்தனை ஆண்டு முன்பே அது வெளிவந்திருக்கும் என்ற கேள்வியையும் எழுப்புகிறது.

கேள்வி கேட்க ஒருவர் ஏன் வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள உத்திரமேரூர்க்காரர்கள் வெளியே போக வேண்டியதில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆள் எடுத்த முறையை அது சொல்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் மறுபடி தேர்ந்தெடுக்கக் கூடாது என்ற விதியும் அதில் உண்டு. அந்த விதி ஏதோ ஓர் ஓலைச் சுவடியில் ஒதுங்கிக் கிடக்கவில்லை, பொது இடத்தில், எல்லோர் கண்ணிலும் படும் சுவரில் வெட்டப்பட்டது. பொறுப்பில் இருப்பவர் கணக்குக் காட்ட வேண்டும், அதை ஊர் பார்க்க வேண்டும் என்று ஆயிரத்து நூறு ஆண்டு முன்பே நினைத்த ஊர் இது. நம் விளையாட்டுச் சங்கங்களின் கணக்கை, தேர்வுக் குழுவின் முடிவை, மைதானத்துக்கு ஒதுக்கிய பணத்தை ஊர் பார்வைக்குக் கொண்டுவந்தது விளையாட்டு நிருபர்தான்.

புதிதாக முளைத்தவை

தமிழில் விளையாட்டுப் பேச்சு அற்றுப்போகவில்லை. 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் அலைவரிசை வந்தது. கிரிக்கெட்டுக்கும் புரோ கபடிக்கும் தமிழ் வர்ணனை கேட்டு ஒரு தலைமுறை வளர்கிறது. ரவிச்சந்திரன் அஸ்வின் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே யூடியூபில் தமிழில் ஆட்ட நுணுக்கம் பேசினார். ஃபீல்டிங் அமைப்பு ஏன் மாறியது என்று ஒரு வீரரே விளக்கும்போது கிடைக்கும் தெளிவை எந்த நிருபராலும் தர இயலாது. கிராமத்துக் கபடிப் போட்டிகளையும் இளைஞர்கள் செல்போனைக் கம்பத்தில் கட்டி நேரலையில் விடுகிறார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் ஊர்க்காரர் அங்கிருந்தே தன் அணிக்குக் கைதட்டுகிறார்.

இவற்றின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அவ்வளவு பணம் கொடுத்து வாங்கியவர், அந்தப் போட்டியின் குறையைத் தன் திரையில் பேச மாட்டார். வீரர் தன் சேனலில் தனக்குச் சங்கடமான கேள்வியைக் கேட்டுக்கொள்ள மாட்டார். கிராமத்து நேரலையோ மூன்று மணி நேரக் காணொளியாக எங்கோ கிடக்கிறது. யார் ஆடினார், எத்தனை புள்ளி, எந்தத் தேதி என்ற விவரம் எழுத்தில் இல்லாததால், இரண்டு வருடம் கழித்துத் தேடினால் அகப்படாது. பேப்பரில் வந்த செய்தி நூலகத்துக் கட்டில் இருந்தது, ஃபைலில் இருந்தது, அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது.

செய்யக்கூடியவை

அச்சுப் பத்திரிகை பழைய செழிப்புக்குத் திரும்பும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கையில் இருப்பதை வைத்துச் செய்யக்கூடியவை இருக்கின்றன.

நாளிதழ் ஆசிரியர்கள் வாரம் ஒருநாள், திங்கட்கிழமை, மாவட்டப் பக்கத்தில் அரைப் பத்தியை உள்ளூர் விளையாட்டுக்கு ஒதுக்கலாம். முந்தைய நாள் நடந்த போட்டிகளின் முடிவும் பெயர்களும் மட்டும் போதும். லக்னோ ஆட்டத்தின் செய்தியில் பத்து வரி குறைத்தால் அதற்கு இடம் கிடைத்துவிடும், அந்த ஆட்டத்தை எல்லோரும் பார்த்தாயிற்று. அந்தச் செய்தியைத் தரும் தாலுகா நிருபருக்கு விளம்பரக் கமிஷனைக் காட்டாமல் பயணப்படி கொடுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் முதலமைச்சர் கோப்பையின் மாவட்ட அளவு முடிவுகளை, வீரர் பெயரும் ஊரும் பள்ளியும் சேர்த்து, அன்றன்றைக்குத் தமிழில் வெளியிட வேண்டும். இதழியல் துறை உள்ள கல்லூரிகள் மாணவர்களைச் சேப்பாக்கத்துக்கு அனுப்புவதோடு சாலவாக்கத்துக்கும் அனுப்பலாம்.

போட்டி நடத்தும் இளைஞர் மன்றங்களுக்கும் ஒரு வார்த்தை. வருகிற காணும் பொங்கலுக்குச் சுழற்கோப்பை வாங்குவீர்கள், ஃபிளக்ஸ் அடிப்பீர்கள், மைக் செட் கட்டுவீர்கள். அத்துடன் ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்குங்கள். தேதி, அணிகள், ஆடியவர்களின் முழுப் பெயர், ஊர், புள்ளி விவரம் எல்லாவற்றையும் ஒருவரைப் பொறுப்பாக உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். அன்றிரவே அதைப் படமெடுத்து உங்கள் பகுதி நிருபருக்கு அனுப்புங்கள். அவர் பெயரும் எண்ணும் தெரியாவிட்டால் பேப்பர் ஏஜென்ட்டிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும். செய்தி வந்தால் அந்தப் பேப்பரைக் காசு கொடுத்து வாங்குங்கள்.